அறிவுக்குப் பட்டா ஏது?

கணக்கு யாருக்குச் சொந்தம்? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். இரண்டும் இரண்டும் நான்கு என்பதற்கு யாரும் பட்டா எழுதி வாங்கவில்லை. முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வருகிறதே, அதற்காக நாம் எந்த ஜமீனுக்கும் கிஸ்தி கட்டுவதில்லை. அப்படியிருந்தும், கணித அறிவைத் தொகுத்து வைத்த ஒரு களஞ்சியம் ஓராண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்தது. அந்தக் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் எரிக் வைஸ்டைன் என்பவர் பல ஆண்டுகள் உழைத்துக் கணிதக் குறிப்புகளைத் திரட்டினார். யாரும் காசில்லாமல் படிக்கலாம் என்று இணையத்தில் வைத்தார். 'மேத்வேர்ல்டு' என்பது அதன் பெயர். அதே குறிப்புகளைப் புத்தகமாக வெளியிட, சி.ஆர்.சி. பிரஸ் என்ற பதிப்பகத்தோடு ஒப்பந்தமும் செய்திருந்தார். ஒப்பந்தப்படி உரிமை தனக்கே என்று பதிப்பகம் வழக்குத் தொடர்ந்தது. நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. 2000-ம் ஆண்டு அக்டோபரில் மூடிய கதவு, சமரசம் ஏற்பட்ட பிறகு, 2001 நவம்பரில்தான் திறந்தது. சட்டம் யார் பக்கம் என்ற வாதம் நமக்கு வேண்டாம். எழுதியவர் ஒருவர், உரிமை கொண்டாடுபவர் வேறொருவர், சாவி நீதிமன்றத்தில் என்றால், படிக்க வந்தவன் வாசற்படியில் நிற்க வேண்டியதுதான்! இதைத்தான் நாம் கவனிக்கச் சொல்லுகிறோம்.

பூட்டைக் கண்டு எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 'பிளானெட்மேத்' என்ற பொதுக் களஞ்சியம் அந்தக் காலத்திலேயே பிறந்தது. வேறொரு முனையில், 2001 ஜனவரி 15-ல் விக்கிப்பீடியா தொடங்கியது. இங்கே நிபந்தனை வேறு. யாரும் எழுதலாம், திருத்தலாம். எடுத்து அச்சிடலாம், விற்கக்கூடச் செய்யலாம். ஆனால், எழுதியவர்களுக்கு உரிய பெயரைக் கொடுக்க வேண்டும். அதை மாற்றி வெளியிட்டால், மாற்றியதையும் அதே உரிமையோடு பிறருக்கு விட வேண்டும். சுருங்கச் சொன்னால், எடுத்தவன் பூட்டக் கூடாது! இந்தப் பொது உரிமை இருந்ததால்தான் பிளானெட்மேத் கட்டுரைகளை விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதையே ஒரு தனிப் பணியாகத் தொண்டர்கள் நடத்த முடிந்தது.

இந்தத் தொண்டர்கள் யார்? பேராசிரியர்கள் உண்டு, மாணவர்கள் உண்டு, கணக்கின் மேல் ஆசை கொண்ட சாதாரண மனிதர்களும் உண்டு. சம்பளம் கிடையாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் கணிதத்துக்கென்றே ஒரு திட்டம் வைத்து, எந்தக் கட்டுரை அரைகுறை, எதில் பிழை, எது இன்னும் எழுதப்படவில்லை என்று கூடிப் பேசி வேலையைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

"ஊர் கூடித் தேர் இழுக்கலாம், ஊர் கூடிக் கணக்கு எழுத முடியுமா?" என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு சான்று காட்டுவோம். 0.999... என்று முடிவில்லாமல் 9 நீண்டுகொண்டே போகும் எண், 1-க்குச் சமமா, சற்றுக் குறைவா? சமம் என்கிறது கணிதம். மூன்றில் ஒரு பங்கு 0.333...; அதை மூன்றால் பெருக்கினால் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 0.999... . ஆனாலும் மனம் ஒப்புவதில்லை. "எங்கேயோ ஒரு துளி குறைகிறதே!" என்று வாதாட வந்துகொண்டே இருந்தார்கள். தொண்டர்கள் அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களா? இல்லை. வாதத்துக்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்த மூன்று புள்ளிகளுக்கு என்ன பொருள் என்பதை வரையறுக்காமல் நிரூபணம் நிறைவு பெறாது என்று கண்டு, எளிய விளக்கத்தையும் அதைவிடக் கடுமையான நிரூபணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 2006-ல் அது சிறப்புக் கட்டுரையாகத் தேர்வு பெற்றது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. அங்கே பதவி பேசுவதில்லை. பெரிய பேராசிரியரே வந்து எழுதினாலும், "எந்த நூலில் இருக்கிறது? ஆதாரம் காட்டுங்கள்" என்று ஒரு மாணவன் கேட்கலாம். சொந்தக் கண்டுபிடிப்பை முதன்முதலாக அங்கே வெளியிட இடமில்லை. யார், எந்த நாளில், எந்த எழுத்தை மாற்றினார் என்ற வரலாறு பக்கத்தோடு பக்கமாகக் கிடக்கிறது. விஷமி ஒருவன் கெடுத்தால், பழைய வடிவத்தை மீட்டுவிடலாம்.

குறையே இல்லையா? உண்டு. கணிதம் கற்றவர் கற்றவருக்கே எழுதிக்கொள்கிறார், புதிதாக வருகிறவனுக்கு முதல் வரியே மலையாக நிற்கிறது என்ற புகார் நெடுநாளாக இருக்கிறது. புகாரில் நியாயம் இருக்கிறது. கட்டுரையின் முகப்பை இயன்றவரை எளிமையாக எழுது என்று அவர்களே விதி வகுத்திருக்கிறார்கள். விதியைப் போல எல்லாக் கட்டுரைகளும் இல்லை. கதவைத் திறந்து வைத்தால் போதாது, படியையும் தாழ்வாகக் கட்ட வேண்டும்!

உழைக்கும் தோழர் வேறொன்று கேட்பார்: "கூலியில்லாத உழைப்பைப் புகழலாமா?" நியாயமான கேள்வி. நம் ஊர்க் குடிமராமத்தை நினைத்துப் பாருங்கள். ஏரியில் தூர் வார ஊரே மண்வெட்டி எடுத்தது. பிறன் தோட்டத்துக்குக் கூலியின்றி உழைத்தால் அது வெட்டி. தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய்ந்தால் அது பொதுப்பணி. இந்த ஏரியில் பெருங் கம்பெனிகளும் மொள்ளுகின்றன. தேடுபொறி நடத்துவோரும் செயற்கை அறிவு இயந்திரம் செய்வோரும் இதிலிருந்து எடுத்தே பலன் காண்கிறார்கள். ஆகையால்தான், எழுதியவனுக்குப் பெயர் கொடு, பொதுவைப் பொதுவாகவே விடு என்ற நிபந்தனையை விழிப்போடு காக்க வேண்டும் என்கிறோம்.

தமிழிலும் இந்த ஏரி உண்டு. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, 2017-ல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது. கணிதம் எழுதுவோருக்கு இங்கே கூடுதல் சுமை. எண்களை நிரையும் நிரலுமாக அடுக்கிய அமைப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல் 'அணி' என்கிறது. இலங்கைப் பாடநூல் 'தாயம்' என்கிறது. மதுரை மாணவனுக்கும் யாழ்ப்பாணத்து மாணவனுக்கும் ஒரே கட்டுரை பயன்பட வேண்டுமானால், இரண்டு சொல்லும் அதில் இருக்க வேண்டும். அது சண்டைக்குரிய சங்கதியல்ல; உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை.

ட்யூஷனுக்குப் பணம் கட்ட முடியாத தொழிலாளியின் மகளும் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறக்கிறாள். அவள் படிப்பது சரியாக இருக்க வேண்டும், புரியும்படியும் இருக்க வேண்டும். கணக்கு தெரிந்த தோழர்களே, வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கட்டுரையைப் படியுங்கள், ஒரு பிழையைத் திருத்துங்கள், ஓர் எடுத்துக்காட்டைச் சேருங்கள். கணக்கு தெரியாதவர்கள் படித்துப் பார்த்து, "இந்த இடம் புரியவில்லை" என்று எழுதுங்கள்; அதுவும் தொண்டுதான்.

தூர் வாராத ஏரி மேடாகும். மேட்டுக்குப் பட்டா கேட்க ஆள் வருவான்!