பழசு ஓடட்டும் – 9: டிக்கி மேல் ஆடும் இறக்கை

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் சுண்ணாம்புக்கல் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பழைய காருக்குக் கெட்ட காலம்தான். ரோட்டின் குலுக்கல் ஒரு பக்கம், லாரியிலிருந்து பறக்கிற தூள் இன்னொரு பக்கம். அரசின் டான்செம் தொடங்கி ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, செட்டிநாடு என்று சிமென்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டம் அரியலூர். தூள் புகாத சந்து கிடையாது. லேசாக ஆடிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லருக்கு அடியில் அது போய் உட்கார்ந்தால், உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இருபது வருஷத்துக்கு முன்னால் செடான் வாங்கியவர்கள் ஆசைப்பட்டு வெளியில் மாட்டிய ஸ்பாய்லர்கள் பெரும்பாலும் ஃபைபர். டிக்கி மூடியில் டிரில் போட்டு, உள்ளேயிருந்து நட்டு முடுக்கியிருப்பார்கள். ஓட்டை போட்ட விளிம்பில் பெயிண்ட் போய்விட்டதே என்று யாரும் கவலைப்பட்டதில்லை. அங்கேதான் துரு பிடிக்கும். ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நிற்கிறதா? பீடிங்கைக் குறை சொல்லும் முன் இந்த ஓட்டைகளைப் பாருங்கள். எம்-சீல் வைத்து அப்பிவிட்டால் ஆட்டம் நிற்கும், துரு நிற்காது. அதனால் முழுசாகக் கழற்றாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

டிக்கியின் உள் அட்டையை எடுத்தால் நட்டு தெரியும். ஸ்பாய்லரில் பிரேக் லைட் இருந்தால் முதலில் அதன் கப்ளரைப் பிரித்துவிடுங்கள். மறந்து இழுத்தால் ஒயர் கையோடு வரும். நட்டைத் திருப்பும்போது போல்ட்டும் கூடவே சுற்றுகிறதா? ஃபைபருக்குள் பதித்த இரும்பு பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். எவ்வளவு முடுக்கினாலும் பிரயோஜனமில்லை. பழைய பிசினைச் சுரண்டி, ஆரல்டைட் வைத்து ஒரு நாள் முழுக்க அசையாமல் விடணும்.

ஓட்டையைச் சுற்றித் துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் போட்டு, மேலே டச்-அப் பெயிண்ட். காய்ந்த பிறகு ரப்பர் கேஸ்கெட், உள்பக்கம் அகல வாஷர், நைலாக் நட்டு. டிக்கித் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பலம் காட்டி முடுக்கினால் குழி விழும், அப்புறம் டிங்கரிடம்தான் போகணும். வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், அந்த அமிலமே இரும்பை அரிக்கும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

டவுனுக்குள் ஓட்டும் வேகத்தில் ஸ்பாய்லர் வெறும் அழகுதான். திருச்சி – சென்னை நாலுவழிச் சாலையில் ஏறினால் கதை வேறு. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏறும்: 40 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பது 80-ல் நாலு மடங்காகிவிடும். 1969 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் லோட்டஸ் கார்களிலும் உயரமான பின் இறக்கை முறிந்தது. இரண்டு வண்டியும் ஒரே பந்தயத்தில் நொறுங்கின. அந்த மாதமே மொனாக்கோவில் அப்படிப்பட்ட இறக்கைகளுக்குத் தடை வந்தது. நம் ஸ்பாய்லர் பிய்ந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் பைக்கில் வருகிறவர்தான் பாவம்.

பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகிற டி.என்.46, டி.என்.61 வண்டிக்காரர்கள் ஸ்பாய்லரின் பிரேக் லைட் எரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஃபைபரே விரிந்து போயிருந்தால் ஸ்பாய்லரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்து பெயிண்ட் அடிப்பதே மேல். எனக்கென்னவோ அந்த வண்டிகள் மொட்டை டிக்கியோடுதான் லட்சணமாகத் தெரிகின்றன. திரும்ப மாட்டினீர்கள் என்றால், ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே சொட்டவில்லை என்று பார்த்த பிறகு அட்டையை மூடுங்கள்.