பதநீரின் இனிப்பும் புளிப்பும்: நாக்கு ஏமாறும் இடம்

சுசீந்திரத்தைச் சுற்றிலும் பழையாற்றுப் பாசனத்தில் நெல் விளைகிறது. ஆறு தெற்கே மணக்குடிக் காயலை நெருங்கும்போது மணற்பாங்கான விளைகளும் பனைகளும் தென்படும். அங்கே இறக்கும் பதநீரை இவ்வட்டார மக்கள் அக்கானி என்பர். ஒரே விளையில் ஒரே காலையில் இறக்கிய இரு கலயங்களில் ஒன்று நல்ல கருப்பட்டியாக இறுகும். மற்றொன்று எவ்வளவு விறகு எரித்தாலும் பாகாகவே நிற்கும். காய்ச்சுமுன் சுவைத்தே இதை ஓரளவு கண்டுகொள்ளலாம். ஆனால் நாக்கு எங்கே ஏமாறும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பாளையிலிருந்து சொட்டும் சாறு ஏறக்குறைய நடுநிலையானது. 100 பங்கில் சுமார் 10 முதல் 14 பங்கு சர்க்கரை. பெரும்பகுதி கரும்பில் உள்ள அதே சுக்ரோஸ். சாறு கலயத்தில் விழுந்த உடனேயே ஈஸ்ட் இந்தச் சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றத் தொடங்கும். பால் தயிராகும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் இதிலும் உண்டாகும். பின்னர் காடிக்குரிய அசெட்டிக் அமிலம் சேரும். இவற்றை அடக்கவே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். தடவாமல் இறக்கினால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் அதற்குத் தடை உள்ளது.

புளிப்பு இனிப்பை மறைக்கும். இரண்டு தம்ளர் தண்ணீரில் சம அளவு சர்க்கரை கரைத்து, ஒன்றில் மட்டும் எலுமிச்சைச் சாறு பிழிந்து குடித்துப் பார்த்தால் இது விளங்கும். சர்க்கரை குறையவில்லை, நாக்குதான் குறைத்துச் சொல்கிறது. திராட்சை மது சுவைப்போர் முதலில் பழகுவதும் இதைத்தான். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை மதுக்கள் சிலவற்றில் சர்க்கரை மிகுதி. அமிலமும் மிகுதியாதலால் அவை திகட்டுவதில்லை. அங்கே அந்தச் சமநிலை சிறப்பு. கருப்பட்டிக்கு வரும் பதநீரில் அதே சமநிலை ஏமாற்றமாக முடியலாம்.

எப்படியெனில், புளிக்கத் தொடங்கிய பதநீரில் மேலும் சிறிது சுண்ணாம்பைக் கலக்கினால் புளிப்பு அடங்கிவிடும்; மறைந்திருந்த இனிப்பும் மேலே தெரியும். வாங்குபவர் நல்ல சரக்கு என்றே நினைப்பார். ஆனால் சாராயமாகிப்போன சர்க்கரை திரும்பாது. எஞ்சிய சுக்ரோஸிலும் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்திருக்கும். இவ்விரண்டும் நாக்குக்கு இனிக்கும். ஆனால் பாகை மணிகட்டி இறுக விடாது. காய்ச்சும் பெண்கள் கைப்பக்குவம் தவறிவிட்டது என்று பழி சுமப்பது பெரும்பாலும் இத்தகைய நாட்களில்தான். பழி கலயத்துக்கு உரியது.

சுண்ணாம்பு மிகுந்தாலும் கெடுதலே. சர்க்கரை நீரில் சுண்ணாம்பு வெறும் நீரைவிட அதிகமாகக் கரையும். அத்தகைய பதநீர் நாக்கில் வழுவழுப்பாகப் படும், தொண்டையில் காரும்; கருப்பட்டியும் கறுத்துவிடும். அதை முறிக்க வயலுக்கு இடும் சூப்பர் பாஸ்பேட் உரத்தைச் சேர்ப்பது அறவே கூடாது. அதிலுள்ள மாசுகள் உணவில் சேரும்.

சுவைக்கும்போது முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். காடி நெடியும் புளித்த மாவு வாசனையும் சுண்ணாம்பால் முழுதும் மறையா. ஓரத்தில் சிறு குமிழிகள் விடாமல் எழுந்தால் ஈஸ்ட் வேலை செய்கிறது என்று பொருள். பின்னர் ஒரு வாய் எடுத்து, விழுங்கியபின் சற்றுப் பொறுக்க வேண்டும். நல்ல பதநீரின் இனிப்பு நிதானமாக அடங்கும். கெட்டதன் இனிப்பு சட்டென்று அறுந்து நீர்த்துப்போகும். குளிரவைத்துச் சுவைக்கலாகாது, குளிர்ச்சியும் இனிப்பைக் குறைத்தே காட்டும். சர்க்கரை அளக்கும் கைக்கருவியான ரிப்ராக்டோமீட்டர் உதவும் என்றாலும், கரைந்த சுண்ணாம்பையும் அது சேர்த்தே காட்டும். அமில, கார நிலை காட்டும் தாளும் உடனிருந்தால் நல்லது.

சந்தேகமான கலயத்தை மற்றவற்றோடு ஒரே கொப்பரையில் ஊற்றக் கூடாது. காலிக் கலயத்தை வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்பே புதிய சுண்ணாம்பு தடவ வேண்டும். முந்திய நாளின் கசடு ஒட்டியிருக்கும் கலயத்தில் எவ்வளவு தடவினாலும் புளிப்பு முந்திக்கொள்ளும்.