யாரும் பாராத நேரத்திலும் ஓடும் நிரல்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி அதிர்ந்தது. சில நிமிடங்களில் அந்த அதிர்வு கண்டிக்கு அருகிலுள்ள பல்லேகல நில அதிர்வு நிலையத்தை எட்டியது. கருவியும் அதைப் பதிவு செய்தது. 15 நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அது பசிபிக் கரைகளுக்கான அறிக்கை. இந்து சமுத்திரத்துக்கென்று ஓர் எச்சரிக்கை முறைமை அன்று இருக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் கழித்து நமது கிழக்குக் கரைக்கு அலை வந்தது. கல்குடாவும் பாசிக்குடாவும் தப்பவில்லை. இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள்.

அப்போது நான் பிறந்திருக்கவில்லை. உம்மாவும் வாப்பாவும் சொல்லித்தான் அந்தக் காலையை அறிவேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. இன்று நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு அப்படியோர் அதிர்வு வந்தால் அதை முதலில் காண்பது யார்? விடை: பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிரல்கள். அவை எப்படி ஓடுகின்றன என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன்.

முன்னணியும் பின்னணியும்

உம்மா அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு அது வேகும் வரை பானையையே பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. அந்த நேரத்தில் தேங்காய் துருவுவா, மீன் கழுவுவா. கணினியிலும் இரு வழிகள் உண்டு. நாம் எழுதும் ஸ்கிரிப்ட் இன்னொரு நிரலைத் தொடக்கிவிட்டு, அது முடியும் வரை காத்து நின்றால் அது முன்னணி வேலை. தொடக்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குச் சென்றால் அது பின்னணி வேலை.

பைதன் மொழியில் இதற்கு ‘சப்புரோசெஸ்’ என்ற தொகுதி இருக்கிறது. அதிலுள்ள ‘ரன்’ என்ற கட்டளை காத்து நிற்கும். ‘பிஓப்பன்’ என்ற கட்டளை காத்து நிற்காது. லினக்ஸ் முனையத்தில் கட்டளையின் முடிவில் ‘&’ குறி இட்டாலும் அது பின்னணிக்குப் போய்விடும். தொடங்கிய ஒவ்வொரு செயன்முறைக்கும் பணிசெயல் முறைமை ஓர் இலக்கம் கொடுக்கும். தொடக்கிய ஸ்கிரிப்ட் தாய், தொடங்கியது பிள்ளை.

பின்னணியில் நெடுநேரம் ஓடும் நிரலை ‘டீமன்’ என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில், பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் கற்பனை செய்த ஓய்வின்றி உழைக்கும் சிற்றுருவை நினைத்து வைத்த பெயர் அது.

தொடக்குவது எளிது, காப்பது கடினம்

பின்னணிக்கு அனுப்ப ஒரு வரி போதும். சிக்கல் அதற்குப் பிறகுதான். நான்கைச் சொல்கிறேன்.

முதலாவது, முனையத்தை மூடினால் பிள்ளைக்கும் ‘தொடர்பு அறுந்தது’ என்ற சமிக்ஞை போய் அதுவும் நின்றுவிடலாம். ‘நோஹப்’ என்ற கட்டளையுடன் தொடக்கினால் அந்தச் சமிக்ஞையைப் பொருட்படுத்தாது.

இரண்டாவது, பிள்ளை எழுதும் வெளியீட்டைத் தாய் ஒரு குழாய் வழியாக வாங்க ஏற்பாடு செய்துவிட்டு வாசிக்காமல் இருந்தால் குழாய் நிரம்பிவிடும். லினக்ஸில் அதன் கொள்ளளவு வழக்கமாக 64 கிலோபைட். நிரம்பியதும் பிள்ளை அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே வெளியீட்டை ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்பிவிடுவது நல்லது. பின்பு என்ன நடந்தது என்று பார்க்கவும் அது உதவும்.

மூன்றாவது, பிள்ளை முடிந்த பின் அதன் முடிவைத் தாய் கேட்டுப் பெற வேண்டும். பெறாவிட்டால் இறந்த செயன்முறையின் பெயர் அட்டவணையில் அப்படியே கிடக்கும். இதை ‘சொம்பி’ என்கிறார்கள்.

நான்காவது, ஒரே நிரலின் இரு பிரதிகள் தவறுதலாக ஓடக்கூடும். இதைத் தடுக்க ‘பூட்டுக் கோப்பு’ பயன்படுகிறது. முதல் பிரதி கோப்பைப் பூட்டிக்கொள்ளும். இரண்டாவது வந்தால் பூட்டைக் கண்டு திரும்பிவிடும். நிரல் இறந்தால் பணிசெயல் முறைமையே பூட்டை விடுவிக்கும். இலக்கத்தை மட்டும் குறித்து வைத்தால் போதாது. அதே இலக்கம் பின்னர் வேறொரு செயன்முறைக்குக் கிடைத்துவிடலாம்.

கடலைக் காக்கும் ஸ்கிரிப்ட்

2004க்குப் பிறகு ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரிலுள்ள புவியியல் ஆய்வு நிலையம் இந்தோனேசியாவுடன் சேர்ந்து சுனாமி எச்சரிக்கை முறைமை ஒன்றை உருவாக்கியது. அதற்காக விரிவாக்கப்பட்ட மென்பொருள் ‘சீஸ்கொம்ப்’. நில அதிர்வு நிலையங்களிலிருந்து தரவு வந்துகொண்டே இருக்கும். இலங்கையிலும் ஹக்மன, மகாகனதராவ ஆகிய இடங்களில் அந்த நிலையத்தின் வலையமைப்பைச் சேர்ந்த கருவிகள் உள்ளன.

சீஸ்கொம்ப் ஒரே பெரிய நிரல் அல்ல. அதிர்வு தொடங்கும் கணத்தைப் பிடிக்க ஒன்று, இடத்தைக் கணிக்க ஒன்று, பருமனைக் கணிக்க ஒன்று என்று பல சிறு நிரல்கள் பின்னணியில் ஓடுகின்றன. இவற்றைத் தொடக்குவதும் நிறுத்துவதும் பைதனில் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட். ஒவ்வொன்றுக்கும் பூட்டுக் கோப்பும் பதிவுக் கோப்பும் உண்டு. அந்த ஸ்கிரிப்டில் ‘செக்’ என்றொரு கட்டளை இருக்கிறது. ஓட வேண்டிய நிரல் எதுவும் நின்றுபோயிருந்தால் அதை மீண்டும் தொடக்குவதே அதன் வேலை. அந்தக் கட்டளையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக இயங்கும்படி நேர அட்டவணையில் போட்டு வைக்கிறார்கள்.

இதை அறிந்தபோதுதான் பாடத்தின் பொருள் எனக்கு விளங்கியது. பின்னணி நிரல் சத்தமில்லாமல் ஓடும். சத்தமில்லாமல் இறந்தும் போகும். இடத்தைக் கணிக்கும் நிரல் நின்றுபோனதை யாரும் அறியாவிட்டால், கருவி இருந்தும் எச்சரிக்கை வராது. ஆகவே தொடக்கும் வரியை எழுதும்போதே, அது இறந்தால் யார் அறிவார், யார் மீண்டும் எழுப்புவார் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரம் முழுமைக்கும் எச்சரிக்கைத் தகவல் வழங்குகின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 பருமனில் பூமி அதிர்ந்தபோது இலங்கைக் கரையோர மக்களுக்கு எச்சரிக்கை வந்தது. மக்கள் மேட்டு நிலங்களுக்குச் சென்றார்கள். அன்று பூமித் தட்டு பெரும்பாலும் பக்கவாட்டிலேயே நகர்ந்ததால் பேரலை எழவில்லை.

தோழிகளே, பைதன் கற்பவர்கள் அறுபது செக்கன் தூங்கும் ஒரு சிறு நிரலைப் பின்னணியில் தொடக்கிப் பாருங்கள். அதை இடையில் நிறுத்திவிட்டு, உங்கள் ஸ்கிரிப்ட் அதைக் கண்டுபிடிக்கிறதா என்று சோதியுங்கள். பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: வீட்டிலிருந்து கடலுக்கு எதிர்ப்புறமாகப் போகும் பாதையைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை நடந்து காட்டுங்கள். எச்சரிக்கை கரைக்கு வந்த பின்னர் எந்த நிரலும் நமக்காக நடக்காது.