கழகம் யாருக்குச் சொந்தம்?

விளையாட்டு உடலுக்கு வலிவும் உள்ளத்துக்கு மகிழ்வும் தருவது என்பதை அனைவரும் அறிவர். கோடிக்கணக்கில் பணம் புழங்கும் இக்காலத்தில் அது ஒரு சொத்தாகவும் ஆகிவிட்டது. சொத்து கைமாற விற்பவரும் வாங்குபவரும் போதும். ஆனால் ஒரு கால்பந்துக் கழகம் கைமாறும்போது மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கிறார். அவர் கையில் பங்குப் பத்திரம் இல்லை. ஆயினும் “இது என் கழகம்” என்கிறார். அவரே இரசிகர். அவருடைய உரிமை எத்தகையது? அது எதுவரை செல்லும்? கொல்கத்தாவில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இவ்வினாக்களை ஆராய விழைகிறேன். பட்டு நெசவுக்குப் பெயர்போன ஆரணியைச் சேர்ந்தவன் ஆதலால், என் ஊர்த் தறியையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறேன்.

வெறுங்கால் வெற்றி

மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டு கொல்கத்தாவில் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று, ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை அது 2-1 என்ற கணக்கில் வென்றது. அன்று ஆடிய பதினொருவரில் பத்துப் பேர் காலணி அணியாதவர்கள். ஆள்வோரை ஆளப்படுவோர் வென்ற அந்நாளை வங்க மக்கள் இன்றும் போற்றுகின்றனர். கழகத்தின் நிறங்கள் பச்சையும் அரக்கும். சின்னம் பாய்மரப் படகு. பச்சை உடலும் அரக்குக் கரையுமாக நெய்த சேலையை நம் ஊரில் காணாதார் யார்? கரையை மாற்றினால் அது வேறு சேலை ஆகிவிடும் என்பதை நெசவாளி அறிவான். கழகத்தின் நிறத்தையும் பெயரையும் இரசிகர்கள் அவ்வாறே கருதினர்.

விற்கப்பட்டது எது?

2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது, ஸ்பெயின் நாட்டு அத்லெத்திகோ மாட்ரிட் கழகத்தின் கூட்டுறவோடு ‘அத்லெத்திகோ டி கொல்கத்தா’ என்ற புதிய அணி உருவாயிற்று. 2017இல் ஸ்பெயின் கழகம் விலகிக்கொள்ள, அணியின் பெயர் ஏ.டி.கே. என்று சுருங்கியது. மோகன் பகானோ பழைய ஐ-லீகில் ஆடி வந்தது. 2019இல் நாட்டின் முதன்மைப் போட்டி என்னும் நிலை சூப்பர் லீகுக்குச் சென்றது. ஐ-லீகில் வென்று மேலேறும் வழி அப்போது இல்லை. உள்ளே நுழையப் பெரும்பணம் வேண்டும். 2019-20இல் ஐ-லீக் கோப்பையை வென்றும் மோகன் பகானுக்கு அந்தக் கதவு தானே திறக்கவில்லை.

இந்நிலையில் 2020 ஜனவரியில், ஏ.டி.கே. அணியின் உரிமையாளரான சஞ்சீவ் கோயங்காவின் ஆர்.பி.எஸ்.ஜி. குழுமம், மோகன் பகானின் கால்பந்து நிறுவனத்தில் 80 விழுக்காட்டுப் பங்கை வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. எஞ்சிய 20 விழுக்காடு பழைய கழகத்திடம் நின்றது. இங்கு ஒன்றைத் தெளிவாகக் காணவேண்டும். உறுப்பினர்களால் ஆன பழைய கழகம் ஓர் அமைப்பு. கால்பந்து அணியை நடத்தும் நிறுவனம் மற்றோர் அமைப்பு. கைமாறியது பின்னது. சட்டத்தின் கண்ணுக்கு இவை இரண்டு. இரசிகரின் கண்ணுக்கு ஒன்றே. பூசலின் வேர் இதுவே.

மூன்றெழுத்தும் மூன்றாண்டும்

2020 ஜூலையில் புதிய பெயர் வெளிவந்தது: ‘ஏ.டி.கே. மோகன் பகான்’. பச்சையும் அரக்கும் காக்கப்பட்டன, படகும் தப்பியது. ஆனால் ஆறே வயது நிரம்பிய அணியின் மூன்றெழுத்து, நூற்று முப்பத்தொரு வயதுக் கழகத்தின் பெயருக்கு முன்னே வந்து அமர்ந்தது. “ஏ.டி.கே.வை நீக்குக” என்ற முழக்கம் பதாகைகளிலும் அரங்கிலும் எழுந்தது. பணம் வேண்டாம் என்று இரசிகர் அனைவரும் கூறினார் அல்லர். பணம் வரட்டும், பெயர் இருக்கட்டும் என்பதே பலருடைய கோரிக்கை.

2023 மார்ச் 18 அன்று கோவாவில் பெங்களூரு அணியை வென்று சூப்பர் லீக் கோப்பையைக் கைப்பற்றிய இரவிலேயே, அம்மூன்றெழுத்தை நீக்குவதாகக் கோயங்கா அறிவித்தார். அணி ‘மோகன் பகான் சூப்பர் ஜயன்ட்’ ஆயிற்று. இரசிகர்கள் கொண்டாடினர். எனினும் நான் இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்கிறேன். ஏ.டி.கே. போன இடத்தில் உரிமையாளர் விரும்பிய வேறொரு சொல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பங்கு விகிதத்தில் மாற்றம் ஏதுமில்லை. நீக்கியவரும் உரிமையாளரே, சேர்த்தவரும் அவரே. இரசிகர் கேட்டார், கிடைத்தது. நாளை கேட்டுக் கிடைக்காவிடில் அவர் செய்யக்கூடியது யாது?

அயல்நாட்டுப் பாடங்கள்

ஆஸ்திரியாவில் 2005இல் ரெட் புல் நிறுவனம் சால்ஸ்பர்க் கழகத்தை வாங்கி, ஊதா நிறத்தையே ஒழித்தது. மனம் பொறாத இரசிகர்கள் பழைய பெயரில், பழைய நிறத்தில், அடிமட்டப் போட்டியிலிருந்து புதுக் கழகம் கண்டனர். அதே ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தைக் கிளேசர் குடும்பம் கடன்பட்டு வாங்கியபோது, இரசிகருள் ஒரு சாரார் பிரிந்து தம் சொந்தக் கழகத்தை அமைத்தனர். கார்டிப் நகரில் 2012இல் நீலச் சட்டையைச் சிவப்பாக்கிய உரிமையாளர், 2015இல் நீலத்துக்கே திரும்ப நேர்ந்தது.

ஜெர்மனியில் வழி வேறு. அங்கே 1998இல் கழகங்கள் நிறுவனங்களாக மாற இசைவு தந்தபோதே, வாக்குகளில் பாதியும் அதன்மேல் ஒன்றும் உறுப்பினர் கழகத்திடமே இருக்கவேண்டும் என்று விதி செய்தனர். லெவர்குசன், வொல்ஃப்ஸ்பர்க் போன்ற விலக்குகள் உண்டு. ஆயினும் பொதுவில், பணம் போடுபவர் எவ்வளவு போட்டாலும் கடைசிச் சொல் உறுப்பினருடையது.

ஆரணிக்கு இது புதிதன்று

இவ்விதியை நம் ஊர் நெசவாளிக்கு விளக்க நெடுநேரம் வேண்டாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பங்குத்தொகை மிகுதியாகக் கட்டியவருக்கும் ஒரே வாக்கு. குறைவாகக் கட்டியவருக்கும் ஒரே வாக்கு. முதலாளியிடம் பாவும் ஊடையும் வாங்கிக் கூலிக்கு நெய்பவர், அடுத்த சேலை என்ன நிறம் என்று கேட்டுக்கொள்ளலாம். முடிவு செய்ய இயலாது. சங்கத்து உறுப்பினருக்கோ கேட்கும் உரிமையோடு வாக்கும் உண்டு. கொல்கத்தா இரசிகர் நிலை முன்னவருடையது. ஜெர்மானிய உறுப்பினர் நிலை பின்னவருடையது.

சங்கமாக இருப்பதனாலேயே எல்லாம் நன்றாகிவிடும் என்று நான் கூறவில்லை. தேர்தல் நடவாமல் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் இயங்கிய காலங்களைத் தமிழகம் கண்டிருக்கிறது. ஒருநாள் கூலி போய்விடுமே என்று பேரவைக் கூட்டத்துக்குச் செல்லாமல் தறியிலேயே அமர்ந்துவிடும் உறுப்பினர்களை நானே பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத வாக்கு பெட்டிக்குள் மடித்து வைத்த சேலை போன்றது. நாளடைவில் மடிப்பிலேயே இற்றுப்போகும்.

அன்பு மட்டும் உரிமை ஆகாது. அன்பு, எழுத்தில் அமைந்த விதியாகவும் எண்ணப்படும் வாக்காகவும் மாறும்போதுதான் உரிமை ஆகிறது. மைதானத்தில் உரக்க முழங்கும் ஆற்றல் நம்மிடம் நிரம்ப உண்டு. மாணவ நண்பர்களே, கூட்ட அறிவிப்பு வந்த நாளில் சென்று அமர்ந்து, கணக்கைக் கேட்டு, கை உயர்த்தும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்வோம். கழகமாயினும் சங்கமாயினும், அப்போதுதான் அது நமக்குச் சொந்தம்.