சேமநிதியா? நிலமா?

தோட்டத் தொழிலாளர் ஒருவர் ஐம்பத்தைந்து வயதை நெருங்குங்கால் இரண்டு கவலைகள் அவரைச் சூழ்கின்றன. வேலை நின்ற பின்னர் உண்பதற்கு வழி யாது? தோட்டத்து வீட்டைக் காலி செய்த பின்னர் தங்குவதற்கு இடம் எது? சேமநிதியை முழுவதும் எடுத்து நிலம் வாங்கிவிட்டால் இரண்டும் தீரும் என்பர் சிலர்; நிலமே வேண்டாம், சேமநிதி போதும் என்பர் வேறு சிலர். இரண்டின் தன்மையையும் ஈண்டு ஒப்பிட்டுக் காண்போம்.

ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இன்று மாதம் 1,700 வெள்ளி ஊதியம் பெறும் ஒருவரிடமிருந்து நூற்றுக்கு 11 விழுக்காடாக 187 வெள்ளியும், முதலாளியிடமிருந்து 13 விழுக்காடாக 221 வெள்ளியும் அதில் சேர்கின்றன. ஆக மொத்தம் 408 வெள்ளி. நிலம் வாங்குவோருக்கு இவ்வாறு கூடுதலாகச் சேர்த்துக் கொடுப்பார் எவருமிலர். அத்துடன், வழக்கமான சேமிப்புக்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டிற்குக் குறையாத இலாப ஈவு வழங்கச் சட்டம் உறுதி கூறுகிறது. 2024ஆம் ஆண்டுக்குக் கிடைத்ததோ 6.30 விழுக்காடு. ஆண்டுதோறும் 6 விழுக்காடு கிடைத்து, அதனை எடுக்காமல் விட்டுவைத்தால், 10,000 வெள்ளி ஏறத்தாழ 12 ஆண்டுகளில் 20,000 வெள்ளியாகும்.

அமெரிக்காவில், ஓய்வுகாலக் கணக்கில் பணம் இடும்போது வரியை ஒத்திவைத்து, எடுக்கும்போது வசூலிக்கும் முறை உண்டு. நம் நாட்டிலோ வயது வந்தபின் எடுக்கும் சேமநிதிக்கு வருமான வரி இல்லை.

நிலத்திற்கும் தனிச் சிறப்பு உண்டு. வாடகை வரும், விலையும் ஏறலாம். ஆனால் எப்போது ஏறும் என்பதை முன்னறிவார் யார்? நம் காம்பாரையே பாருங்கள். ஈயத்தால் வளர்ந்த நகரம் இது. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது, அத்தொழில் நலிந்தது, வேலை தேடிப் பலர் வெளியூர் சென்றனர். 2007ஆம் ஆண்டில் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் இங்குத் திறக்கப்பட்டபின், மாணவர்களுக்கு வாடகை வீடுகள் தேவைப்பட்டன. ஊர் ஒன்றே, வாங்கிய காலத்தைப் பொறுத்துப் பலன் வேறாகும்.

வாடகையையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,20,000 வெள்ளி வீட்டிற்கு மாதம் 500 வெள்ளி வாடகை என்றால் ஆண்டுக்கு 6,000 வெள்ளி, அதாவது 5 விழுக்காடு. வீடு இரண்டு மாதம் ஆளின்றிக் கிடந்தால் 1,000 வெள்ளி போகும். நிலவரி, வீட்டுவரி, பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு மேலும் 1,000 வெள்ளி எனக் கொண்டால் எஞ்சுவது 4,000 வெள்ளியே. வங்கிக் கடன் இருப்பின் வட்டியும் உண்டு. வாங்கிய ஐந்தாண்டுகளுக்குள் இலாபத்திற்கு விற்றால் அந்த இலாபத்திற்கு வரியும் உண்டு. தவிரவும், மருத்துவச் செலவுக்கு 500 வெள்ளி வேண்டுமெனில் வீட்டின் ஒரு சுவரை மட்டும் விற்க இயலாதன்றோ!

எனினும், குடியிருக்கச் சொந்த வீடு வேண்டும் என்பதில் ஐயமில்லை. 1950ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையோடு இருப்பிடத்தையும் இழந்தனர். அந்நிலையை எதிர்கொள்ளவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். லயத்து வீடு வேலைக்காகத் தரப்படுவது. வேலை நின்றால் அதுவும் நிற்கும்.

இதற்குச் சேமநிதியிலேயே வழியுண்டு. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் ஐம்பத்தைந்து வயதுக்குட்பட்டோர் செலுத்தும் தொகையில் 75 விழுக்காடு ஓய்வுகாலக் கணக்கிலும், 15 விழுக்காடு செஜாத்ரா கணக்கிலும், 10 விழுக்காடு பிளெக்சிபல் கணக்கிலும் சேர்கின்றன. செஜாத்ரா கணக்கைக் கொண்டு வீடு வாங்கலாம். வீட்டுக் கடனையும் குறைக்கலாம். ஆதலின் வேலை செய்யும் வலுவுள்ள காலத்திலேயே அளவான வீடொன்றைத் தேடுவது நலம். முன்பணம் கொடுக்குமுன், நிலப்பட்டா எவர் பெயரில் உள்ளது, அடமானம் உண்டா என்பதை நில அலுவலகத்தில் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்தைந்து வயதில் சேமநிதி முழுவதையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. வேண்டிய அளவு எடுத்து, எஞ்சியதை விட்டுவைத்தால் ஈவு தொடர்ந்து கிடைக்கும். வாரிசு நியமனப் படிவத்தையும் மறவாமல் நிரப்புங்கள்.

சுருங்கக் கூறின், முதலில் குடியிருக்க ஒரு வீடு. அடுத்து, முதுமைக்குக் கைவைக்காத சேமநிதி. இவ்விரண்டும் அமைந்து மிச்சமிருந்தால் மட்டுமே இலாபம் கருதி நிலம். ஐம்பத்தைந்தாம் பிறந்தநாள் வரும்வரை காத்திராமல், இன்றே குடும்பத்தாருடன் அமர்ந்து கணக்கிடுவோமாக.