புதுப்பிக்கும் வேளை

கொல்லிமலை என்றதும் வல்வில் ஓரியும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கை அருவியும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் நினைவுக்கு வருவது இயல்பு. நான் அம்மலையில் பிறந்தவன். எனினும் இக்கட்டுரையில் கணிப்பொறித் திரையில் தோன்றும் எண்களைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அவ்வெண்கள் எந்த வேளையில் புதுப்பிக்கப்படுகின்றன என்பது எங்களைப் போன்ற மலையூர்களுக்கு மிகவும் முக்கியமான செய்தியாகும்.

தகவல் பலகை என்பது யாது?

ஒரு நிறுவனத்தின் வரவு, செலவு, கையிருப்பு, விற்பனை முதலியவற்றை ஒரே பார்வையில் காட்டும் திரையைத் தகவல் பலகை என்கிறோம்; ஆங்கிலத்தில் டேஷ்போர்டு என்பர். வணிக நிறுவனங்களோடு அரசும் இதனைக் கையாளுகின்றது. தமிழ்நாட்டில் முதலமைச்சருக்கான தகவல் பலகை 2021 டிசம்பரில் தலைமைச் செயலகத்தில் தொடங்கப்பட்டது.

திரையில் காணும் எண் அந்தக் கணத்தின் உண்மை என்று பலரும் நம்பிவிடுகின்றனர். பெரும்பாலான பலகைகளில் அவ்வாறு இல்லை. மூலப் பதிவேட்டிலிருந்து எடுத்த நகலையே அவை காட்டுகின்றன. அந்த நகலை மீண்டும் எடுப்பதே புதுப்பித்தல். அதனை ஆள் தொடாமல், குறித்த நேரத்தில் கணிப்பொறியே செய்யுமாறு ஏற்பாடு செய்வது தானியங்கிப் புதுப்பித்தல் ஆகும்.

அடிக்கடி புதுப்பித்தால் போதுமா?

அடிக்கடி புதுப்பித்தால் எண் புதியதாகிவிடும் என்று கருதுவது தவறு. இந்திய வானிலைத் துறை ஒரு நாளின் மழையளவை முதல்நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரை கணக்கிடுகிறது. அந்த நாள் மழையைக் காட்டும் பலகையை விடியற்காலை 4 மணிக்குப் புதுப்பித்தால் பழைய எண்ணே மீண்டும் வரும். நாமக்கல் மண்டல முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கிறது. ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நூறு முறை புதுப்பித்தாலும் விலை மாறப்போவதில்லை. பதிவேட்டுக் கணிப்பொறிக்கு வீண்சுமைதான் மிஞ்சும்.

ஆகவே நேரம் குறிக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எண் எப்போது பிறக்கிறது? அது பதிவேட்டுக்கு எப்போது வந்து சேருகிறது? அதைப் பார்த்து எப்போது முடிவு எடுக்கிறார்கள்? வந்து சேர்ந்த பின்பும், முடிவு எடுக்கும் முன்பும் உள்ள இடைவெளியே புதுப்பிக்க ஏற்ற வேளை.

ஒரு மலைக் கணக்கு

இதனை எங்கள் மலைமீது பொருத்திப் பார்ப்போம். ஒரு சங்கம் மலையில் ஐந்து இடங்களில் மிளகு வாங்குவதாகக் கொள்வோம். மூன்று இடங்களில் மாலை 6 மணிக்குள் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றிவிடுகிறார்கள். மற்ற இரண்டும் அலைபேசிச் சிக்னல் எட்டாத பள்ளத்தில் இருக்கின்றன. அங்குள்ளவர் நோட்டில் எழுதி வைத்து, மறுநாள் காலை 9 மணிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வந்து ஏற்றுகிறார். பலகையோ இரவு 8 மணிக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அடிவாரத்தில் இருக்கும் மேலாளர் காலை 7.30 மணிக்கு அதைப் பார்த்து, எங்கே லாரி அனுப்புவது, எவ்வளவு பணம் அனுப்புவது என்று முடிவு செய்கிறார்.

அந்த இரண்டு ஊர்களுக்கும் நேராகத் திரையில் பூஜ்யம் நிற்கும். லாரியும் வராது, பணமும் வராது. மிளகு கொண்டுவந்தவர் மூட்டையைத் திரும்பச் சுமக்க வேண்டும். அல்லது வழியில் வரும் வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் யாரும் பொய்க் கணக்கு எழுதவில்லை.

மணிக்கு ஒரு முறை புதுப்பித்தாலும் காலை 7.30 மணிக்கு அந்தப் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். புதுப்பிப்பை 9.30 மணிக்கும், முடிவை 10 மணிக்கும் மாற்றினால் சிக்கல் தீரும். கூடவே ஒவ்வொரு முறையும் கடைசி ஒரு வாரத்துக் கணக்கைத் திரும்ப எடுக்கும்படி அமைத்தால், மழையில் இரண்டு நாள் தாமதித்து வந்த பதிவும் தனக்குரிய தேதியில் போய்ச் சேரும்.

கணிப்பொறியிடம் நேரம் சொல்லும் முறை

யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில் இப்பணியைக் கிரான் என்னும் நிரல் செய்கிறது. நிமிடம், மணி, மாதத்தின் நாள், மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்பினால் போதும். ஆனால் பல கணிப்பொறிகள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன; நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. காலை 9 மணி என்று நினைத்து 9 என்று எழுதினால் நமக்குப் பிற்பகல் 2.30 மணிக்குத்தான் வேலை நடக்கும். நம் 9 மணிக்கு வேண்டுமானால் 3.30 என்று எழுத வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர் பி.ஐ. போன்ற கருவிகளில் நேரத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். அதன் புரோ உரிமத்தில் நாளொன்றுக்கு எட்டு முறைதான் குறிக்க முடியும். குறித்த நேரத்தில் தொடங்காமல் சில சமயம் ஒரு மணி நேரம் வரை பிந்தவும் கூடும். ஆதலால் முடிவெடுக்கும் நேரத்தோடு ஒட்டி வைக்காமல் சற்று முன்னதாகவே வைப்பது நலம்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, புதுப்பித்தல் தோற்றுப்போகும் நிலை. பதிவேட்டின் கடவுச்சொல்லை யாரோ மாற்றினால்கூடப் புதுப்பித்தல் நின்றுவிடும். பவர் பி.ஐ.யில் தொடர்ந்து நான்கு முறை தோற்றால் கால அட்டவணையே நிறுத்தப்படும். திரையோ வழக்கம்போல் வண்ணப் படங்களுடன் பளபளக்கும்; உள்ளிருப்பது போன வாரத்து எண். தோல்வியைத் தெரிவிக்கும் மின்னஞ்சல், அதைப் படிக்கும் பொறுப்புள்ள ஒருவருக்குச் சென்றே ஆக வேண்டும்.

செய்ய வேண்டியவை

இன்று தகவல் பலகை அமைக்கக் கற்கும் நம் மாணவ நண்பர்கள் நாளை அலுவலகங்களில் அமரப் போகிறவர்கள். அவர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு பலகையிலும் “இந்த நாள், இந்த மணி வரையிலான கணக்கு” என்று பெரிய எழுத்தில் காட்டுங்கள். கணக்கு வந்து சேராத ஊருக்கு நேரே பூஜ்யம் போடாமல் “வரவில்லை” என்று எழுதுங்கள். பூஜ்யத்தைக் கண்டால் மேலாளர் அந்த ஊரைக் கடந்து போய்விடுவார். “வரவில்லை” என்பதைக் கண்டால் தொலைபேசியை எடுத்து, என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்பார். எங்கள் மலைக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.