பிரெஞ்சா, ஜெர்மனா, ஜப்பானீஸா? பார்ட் 1 கட்டத்தை டிக் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

காலேஜ் அட்மிஷன் நேரத்தில் மேஜர் என்ன எடுப்பது என்று வீடே கூடி விவாதிக்கும். பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு அங்கிள் என எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து இருக்கும். ஆனால், அதே ஃபார்மில் 'பார்ட் 1 மொழி' என்று இருக்கும் கட்டத்தைத் தாண்ட அரை நிமிஷம்கூட ஆகாது. "ஃப்ரெஞ்ச் போடு, மார்க் அள்ளலாம்" என்று ஏதாவது ஒரு சீனியர் சொல்லியிருப்பார். அவ்ளோதான், மேட்டர் ஓவர்.

மார்க் வருதா என்றால், வரும். ப்ளஸ் டூவிலேயே அதற்காக பிரெஞ்சு எடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், மூன்று வருஷம் கழித்து இன்டர்வியூவில் "ரெஸ்யூமேல ஃப்ரெஞ்ச்னு போட்டிருக்கீங்களே, கொஞ்சம் பேசுங்க" என்றால் 'போன்ஜூர்' தாண்டி வண்டி நகராது.

இதில் மாணவர்களின் தப்பு குறைவு, கணக்கு அப்படி. வாரத்துக்கு 5 பீரியட், செமஸ்டருக்கு 15 வாரம், நான்கு செமஸ்டர் என்று தாராளமாகவே போட்டாலும் 300 பீரியட்தான் வரும். பி.காம் போன்ற சில படிப்புகளில் முன்பு பல இடங்களில் இரண்டு செமஸ்டரோடு மொழிப் பாடம் முடிந்துவிட்டது. ஐரோப்பிய மொழிகளை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஜெர்மனில் பி2 தொட 45 நிமிட வகுப்புகளாக 600 முதல் 800 வரை வேண்டும் என்பது கெத்தே இன்ஸ்டிட்யூட் சொல்லும் கணக்கு. அதாவது, காலேஜ் வகுப்பை ஒரு நாள்கூட கட் அடிக்காமல் உட்கார்ந்தாலும் பாதி தூரம்தான். அதுவும் பெரும்பாலும் 60 பேர் உட்கார்ந்திருக்கும் கிளாஸ். வாய் திறந்து பேச ஆளுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் அதிகம்.

அதனால் முதல்ல ஒண்ணு தெளிவா பிரிச்சுக்கலாம். காலேஜில் எழுதும் மொழி பேப்பர் வேறு. மொழி கற்பது வேறு. இரண்டாவதை வெளியே, தனியாக, ஒரு நல்ல பயிற்சி மையத்தில்தான் செய்ய வேண்டியிருக்கும். இது புரிந்துவிட்டால் பார்ட் 1-ல் வெளிநாட்டு மொழிதான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பார்ட் 1-ல் தமிழ் எடுத்துக்கொண்டு, சாயங்காலம் மேக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் படிப்பவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

சொல்லப்போனால், தமிழை விடுவதில் ஒரு விலை இருக்கிறது. அதை அட்மிஷன் நேரத்தில் யாரும் சொல்வதில்லை. டி.என்.பி.எஸ்.சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். பத்தாம் வகுப்புத் தரத்தில் இருக்கும் அந்தத் தாளில் 40 சதவிகிதம் எடுக்கவில்லை என்றால், மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். 'கவர்ன்மென்ட் வேலை பக்கமே போக மாட்டேன்' என்று 17 வயதில் சத்தியம் பண்ணியவர்கள் பலர், 23 வயதில் குரூப் 2 மெட்டீரியலோடு லைப்ரரியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். பள்ளியிலும் தமிழ் படிக்காமல், காலேஜிலும் விட்டுவிட்டால், அப்போது புணர்ச்சி விதியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும்.

சரி, எந்த மொழி?

எந்த மொழிக்கு டிமாண்ட் அதிகம் என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. அதைவிட, 'நான் செய்யப்போகும் வேலைக்கு எந்த மொழி, எந்த லெவல் வரை வேண்டும்?' என்று கேட்டால் பதில் சட்டென்று கிடைக்கும்.

ஜெர்மனையே எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லை என்றதும் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே முடக்கு கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். எம்.எஸ் படிப்புகள் பல ஆங்கிலத்திலேயே இருப்பதால், 'ஜெர்மன் எதுக்கு?' என்று தோன்றலாம். சீட்டுக்குத் தேவைப்படாது. பார்ட் டைம் வேலைக்கும், வீடு தேடுவதற்கும், படிப்பு முடித்து நிஜமான வேலை தேடும்போதும் தேவைப்படும். நர்சிங் முடித்தவர்களுக்கோ மொழிதான் கதவே: தகுதி அங்கீகாரத்துக்குப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள். டாக்டர்களுக்கு அதற்கும் மேலே, மருத்துவ ஜெர்மனில் சி1 தரத்தில் தனித் தேர்வு.

அதனால் "ஏ1 முடிச்சா ஜெர்மனில வேலை கன்ஃபார்ம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் எழுந்து வந்துவிடலாம். ஏ1 என்பது பேர் சொல்லி, ஊர் சொல்லி, காபி ஆர்டர் பண்ணும் அளவு. வேலைக்குப் போகும் கணவரோடு அல்லது மனைவியோடு சேர்ந்து வாழப் போகிறவர்களுக்கே பொதுவாக ஏ1 கேட்கும் நாடு அது. அப்படியென்றால், அந்தச் சான்றிதழை நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்குவது எவ்வளவு ரிஸ்க் என்று யோசித்துப் பாருங்கள்.

மொழியாக ஜெர்மன் எப்படி? ஆங்கிலத்தின் சொந்தக்காரர் என்பதால் வார்த்தைகள் பழகியது போல் இருக்கும். படுத்துவது பால் வேறுபாடுதான். நமக்கு மேஜை, நாற்காலி எல்லாமே அஃறிணை, கதை முடிந்தது. அவர்களுக்கு மேஜை ஆண்பால்: 'டெர் டிஷ்'. சிறுமி ஒன்றன்பால்: 'டாஸ் மேட்ஷென்'. ஏன் என்று கேட்டுப் பயனில்லை, மனப்பாடம்தான்.

தமிழ்க்காரங்களுக்கு ஒரு ஷார்ட்கட்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுக்கொடுக்கிறது. அதன் கணக்கில் ஜப்பானீஸ், கொரியன், சீனம், அரபி நான்கும் மிகக் கடினமான பிரிவு. 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும். பிரெஞ்சு, ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக்குறைய. இணையத்தில் 'உலகின் கஷ்டமான மொழிகள்' என்று சுற்றும் பட்டியல்களில் பலவும் இதைத்தான் காட்டுகின்றன. ஆனால், அது ஆங்கிலம் தாய்மொழியாக இருப்பவர்களுக்கான கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது.

'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பதை ஜப்பானீஸில் 'வதாஷி வா கக்கோ நி இகிமாஸ்' என்பார்கள். 'வதாஷி' நான், 'கக்கோ' பள்ளி, 'நி' நம்ம 'க்கு', 'இகிமாஸ்' போகிறேன். கொரியனில் 'நானுன் ஹக்யோ-எ காயோ'. இங்கேயும் அதே வரிசை, அந்த 'எ'தான் 'க்கு'. வினைச்சொல் கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். ஆங்கிலக்காரர் தலைகீழாக யோசித்துக் கட்ட வேண்டிய வாக்கியத்தை நாம் தமிழில் யோசித்து, வார்த்தையை மட்டும் மாற்றிப் போடலாம். கொரியனில் மரியாதைக்கு வினையின் கடைசியில் சேரும் 'யோ' கிட்டத்தட்ட நம்ம 'போங்க', 'வாங்க'வில் இருக்கும் 'ங்க' மாதிரி. யாரிடம் 'வா', யாரிடம் 'வாங்க' என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானீஸுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, படிக்கிறவருக்கு அந்த வாக்கிய அமைப்பு லாபம்தான். (கொரியனிலும் 'ஒம்மா', 'அப்பா' உண்டு என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். அதுக்கெல்லாம் பெருசா எக்ஸைட் ஆக வேண்டாம், அம்மா, அப்பா போன்ற சொற்கள் உலகம் முழுக்க ஒன்றுபோல ஒலிக்கும்.)

எழுத்து வரும்போது இரண்டும் பிரிந்துவிடும். 15-ம் நூற்றாண்டில் மன்னர் செஜோங் உருவாக்கிய கொரிய எழுத்தில் அடிப்படை எழுத்துகள் 24-தான். ஒரு வார லீவில் கற்றுக்கொள்ளலாம். ஜப்பானீஸில் ஹிரகனா, கடகனா என இரண்டு வரிசையில் தலா 46 எழுத்துகள். அதற்கு மேல் பத்திரிகை படிக்க 2,136 கஞ்ஜி. நிறைய பேர் கழன்றுகொள்வது இங்கேதான். அனிமே பார்த்து வந்த ஆர்வம் கஞ்ஜி வரைக்கும் தாங்குமா என்பதைப் பணம் கட்டும் முன் சோதித்துக்கொள்வது நல்லது. அதற்காக அனிமே, கே-டிராமா ஆர்வத்தைக் கிண்டல் பண்ண மாட்டேன். 'ஸ்கோப்' பார்த்துச் சேர்ந்தவரைவிட, சப்டைட்டில் இல்லாமல் சீரீஸ் பார்க்க ஆசைப்பட்டவர்தான் நான்காவது மாதத்திலும் கிளாஸுக்கு வருவார்.

வேலை? ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஒரு ரவுண்டு போனாலே போதும். ஹூண்டாய், சாம்சங், யமஹா என வரிசையாக நிற்கும். மெக்கானிக்கல் டிப்ளோமாவோடு என்3 அளவு ஜப்பானீஸ் தெரிந்தவருக்கும், வெறும் மொழி மட்டும் தெரிந்தவருக்கும் அங்கே மதிப்பு வேறு. ஜப்பானில் போய் வேலை செய்ய 'குறிப்பிட்ட திறன் பணியாளர்' விசா இருக்கிறது. இந்தியாவுடன் அதற்கான ஒப்பந்தம் 2021-ல் கையெழுத்தானது. முதியோர் பராமரிப்பு போன்ற துறைகளுக்கான அந்த விசாவுக்கு என்4 அல்லது அதற்கு இணையான தேர்வும், துறைத் திறன் தேர்வும் தேவை. படிக்கப் போகிறவர்களுக்கு 'குளோபல் கொரியா ஸ்காலர்ஷிப்' முதல் ஒரு வருஷம் கொரியன் கற்றுக்கொடுத்து, டோபிக் தேர்வில் மூன்றாம் லெவல் எடுத்த பிறகே பட்டப்படிப்புக்குள் விடுகிறது. ஆக, ஸ்காலர்ஷிப்புக்காக இப்போதே முழுசா படித்து முடிக்கணும் என்ற பதற்றம் வேண்டாம்.

பிரெஞ்சுக்கு நம் ஊரில் ஆசிரியர்கள் அதிகம், புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஃபேஷன், சர்வதேச உறவுகள் படிப்பவர்களுக்கும், கனடாவின் கியூபெக் மாகாணத்தை யோசிப்பவர்களுக்கும் நல்ல தேர்வு. எண்கள் மட்டும் கொஞ்சம் விளையாட்டு காட்டும். 97 என்பதை 'நாலு இருபது, பத்து, ஏழு' என்று சொல்வார்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி, எழுதியபடி படிக்கலாம். ஆனால் தமிழ்நாட்டுக்குள் அதற்கான வேலைகள் குறைவு. சீனத்துக்கு, தொனி மாறினால் பொருள் மாறும் என்பதைச் சமாளிக்கும் காது வேண்டும்.

"எல்லாத்தையும் ஏஐ மொழிபெயர்க்குதே, இனிமே எதுக்கு?" என்று ஒரு குரல் கேட்கிறது. நியாயமான கேள்வி. மெயிலை மொழிபெயர்க்கிற, மெனுவைப் படிக்கிற ஏ2 லெவல் வேலையை போன் செய்துவிடும். ஆனால், வார்டில் வலியில் இருக்கும் நோயாளியிடமும், தயாரிப்பு லைன் நின்றுபோன ஷாப் ஃப்ளோரிலும் போனை நீட்டிக்கொண்டு நிற்க முடியாது. ஏஐ-யால் ஏ2-வின் மதிப்பு குறைந்திருக்கிறது, பி2-வின் மதிப்பு குறையவில்லை என்பது என் கணிப்பு. மூன்று மொழியில் ஏ1 வைத்திருப்பதைவிட, ஒன்றில் பி1 தாண்டுவது மேல்.

சேருவதற்கு முன் அந்த மொழியில் இலவச ஆப் ஏதாவது ஒன்றில் 30 நாள் தினமும் 20 நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். 12-வது நாளே போர் அடித்தால் பணம் மிச்சம். பிறகு நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ்முல்லர் பவன், அலியான்ஸ் பிரான்சேஸ், அமைந்தகரையில் ஜப்பானீஸுக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய், கொரியனுக்கு இன்கோ சென்டர் என்று சென்னையில் இடங்கள் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைன் வகுப்புகளைப் பார்க்கலாம். எங்கே சேர்ந்தாலும் ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், வகுப்பில் பேச வைப்பார்களா என்று கேளுங்கள். ஜப்பானிய ஜே.எல்.பி.டி தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. பேசாமலேயே சர்டிஃபிகேட் வாங்கிவிட்டு இன்டர்வியூவில் முழிப்பவர்கள் உண்டு.

முதல் வருஷமே தொடங்கிவிட்டால் நேரம் தாராளம். ஜே.எல்.பி.டி வருஷத்துக்கு இரண்டே முறை, ஜூலையிலும் டிசம்பரிலும். ரிஜிஸ்ட்ரேஷன் சில மாதங்கள் முன்பே முடிந்துவிடும். செமஸ்டர் எக்ஸாம் டைம் டேபிளோடு மோதுகிறதா என்று இப்பவே காலண்டர்ல மார்க் பண்ணிடுங்க.